அம்மா சொன்னதாக நான் சொன்னது

இது நடந்து எட்டு வருடம் ஆகப் போகிறது. திருவொற்றியூர் கடைத்தெருவில், ஒரு வியாழக்கிழமை காலையில், ஆபீசுக்குக் கிளம்பிய சேலையோடு நான் நின்றுகொண்டிருந்தபோது நடந்தது. மொத்தம் பத்து நிமிடம்தான் இருக்கும். யாரும் யாரையும் திட்டவில்லை, ஒருவர் குரல்கூட உயரவில்லை. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை நினைக்காமல் எனக்கு ஒரு வாரம் கழிந்ததில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதி புரியும். எனக்கு எதையும் ஆறப் போடத் தெரியாது. வீட்டில் யாருக்கு என்ன தேவை என்று அவர்களுக்கு முன்பே நான் முடிவு செய்து, காரியத்தையும் முடித்துவிடுவேன். என் கணவர் ஒரு முறை இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய பழைய பைக்கை விற்றுவிட்டேன். வந்து கேட்டார். "ஓடாத வண்டிக்கு எதுக்கு இடம்?" என்றேன். அவர் பாவம், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு அப்புறம் பேசினார். இந்தச் சுபாவத்தை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசிலும் நல்ல பெயர். 'அவங்ககிட்ட குடுத்தா வேலை முடிஞ்ச மாதிரி' என்பார்கள்.

என் அம்மா மீன் விற்றவள். விடியற்காலையில் காசிமேடு ஹார்பரில் ஏலத்தில் மீன் எடுத்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்து, கடைத்தெரு முனையில் மூடிக் கிடக்கும் ஒரு பழைய அரிசி மில்லின் சுவர் ஓரமாக உட்காருவாள். எட்டுப் பெண்கள் வரிசையாக உட்காரும் இடம் அது. அம்மாவுடையது இரண்டாவது. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் ஒரு பலகையும் பக்கத்தில் அரிவாள்மணையும் வைத்தால் முடிந்தது, அவ்வளவு அகலம்தான். ஆனால் மில் சுவரின் நிழல் அங்கே பதினோரு மணி வரைக்கும் நிற்கும். மீன் விற்கிறவர்களுக்கு நிழல்தான் எல்லாம். வரிசையின் கடைசியில் உட்காருகிறவளுக்கு எட்டரை மணிக்கே வெயில் முகத்தில் அடிக்கும். ஐஸை மேலே மேலே கொட்டினாலும் பத்து மணிக்கு மீன் தொய்ந்துவிடும். கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் சோறு, ராயபுரத்து ஒற்றை அறையின் வாடகை, என் பி.காம். படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அந்த இடத்திலிருந்து வந்ததுதான். அம்மாவுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தது அப்பாவின் அம்மா. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு நாளும் ஒத்துப் போனதில்லையாம். ஆனாலும் முடியாமல் போனபோது வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் மருமகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம். "வாயத் தொறந்தா வசவுதான். ஆனா எடத்த எனுக்குத்தான் குடுத்துது பாரு" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. நடைபாதைதான். ஆனால் அந்தப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி உடம்பு சரியில்லாமல் வராமல் போனால், பக்கத்தில் இருக்கிறவள் அவள் இடத்தையும் சேர்த்துக் கூட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து வைப்பாள். மாதக் கணக்கானாலும் யாரும் அந்தக் கூடையை நகர்த்த மாட்டார்கள். இடத்தை இன்னொருத்திக்கு விடுவதென்றால் இடத்துக்காரி தன் வாயால் சொல்ல வேண்டும். வர முடியாத நிலையில் இருந்தால் பெற்ற பிள்ளையிடம் சொல்லி அனுப்பலாம். பிள்ளை வந்து சொன்னால் அம்மா வந்து சொன்ன மாதிரி. அதில் யாரும் பொய் சொன்னதில்லை. அப்படிப் பொய் சொல்லலாம் என்கிற யோசனைகூட அந்தத் தெருவில் யாருக்கும் வந்ததில்லை, எனக்கு வரும் வரைக்கும்.

அந்த வருடம் அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது. மீனைக் கையால் தடவியே இன்ன மீன் என்று சொல்லிவிடுவாள், வாடிக்கைக்காரர்களைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள், அதிலெல்லாம் குறை இல்லை. ரோட்டைக் கடப்பதுதான் பயம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை எப்போது நகரும் எப்போது நிற்கும் என்று கண் தெரிகிறவர்களுக்கே புரியாது. நான்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்ய வைத்தேன். முடிந்ததும் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். கடைத்தெருவிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடத் தூரம். ஒன்றரை மாதம் குனியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போது என் மகளுக்கு ஆறு வயது. பள்ளி விட்டு வந்தால், நான் கன்டெய்னர் யார்டில் பில் வேலையை முடித்துவிட்டு வரும்வரை அவளைக் கீழ்வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார். அந்த அம்மா மகனோடு வெளியூருக்கே குடிபோவதாகச் சொன்னது, ஆபரேஷன் முடிந்த அதே வாரத்தில். என் கணவருக்கு மணலியில் ஷிப்டு வேலை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கே அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பேத்திக்குச் சோறு ஊட்டுகிறாள். மீனில் முள் இருக்கும் என்று வாயைத் திறக்காத பிள்ளை, ஆயா கை உருண்டை என்றால் ஆவென்று திறக்கிறது. ரெட்டை ஜடை பின்னிவிட்டாள் என்றால் பிள்ளையின் புருவமே மேலே ஏறி நிற்கும், அவ்வளவு இறுக்கம். அதுகூட அந்தப் பிள்ளைக்குப் பிடித்திருந்தது. அம்மா இனி உழைத்தது போதும், ஓய்வு எடுக்கட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். என்னிடமும் அதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் எனக்கு ஆள் தேவைப்பட்டது. அதுதான் காரணம்.

ஒரு நாள் ஆபீசுக்குப் போகிற வழியில் மில் சுவர் அருகே இறங்கினேன். அம்மாவுக்குப் பக்கத்தில், மூன்றாவது இடத்தில் உட்காருகிறவளை நான் சித்தி என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் இல்லை, கைக்குழந்தையில் என்னை மடியில் வைத்துக்கொண்டு மீன் விற்றவள். அம்மாவின் இடத்தில் கூடை கவிழ்ந்திருந்தது, தரை ஈரமாக இருந்தது.

"இன்னாம்மா, அக்காவுக்கு இப்போ கண்ணு நல்லா தெரியுதா? எப்போ வருது?" என்றாள் சித்தி. "தோ பாரு, கூடைய கவுத்து வச்சுகினு கீறேன். ஒரு ஈ காக்கா அண்டல."

"குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு சித்தி."

"வரட்டும், மெதுவா வரட்டும். எடம் எங்க போவுது?" என்றவள் வரிசையின் கடைசியைப் பார்த்தாள். அங்கே அவளுடைய மருமகள் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். "அதுதான் வாயும் வயிறுமா கீது. வேணான்னா கேக்க மாட்டேங்குது. இன்னா பண்றது சொல்லு."

அவள் இடத்தைக் கேட்கவில்லை. இதை நான் திருத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சித்தி என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அப்ப உங்க மருமகளை இங்க உட்கார வைங்க சித்தி. அம்மா இனிமே வராது."

சித்தி என்னையே பார்த்தாள். "அக்காவா சொல்லிச்சு?"

"ஆமா. அம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

அந்த 'ஆமா'வைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அப்படிச் சொல்லாவிட்டால் சித்தி ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்று தெரியும், அதனால் சொன்னேன். சித்தியின் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு இன்னா மனசு, இன்னா மனசு என்று இரண்டு தரம் சொன்னாள். மற்ற பெண்களையும் கூப்பிட்டாள். யாரோ கற்பூரம் வாங்க ஆள் அனுப்பினார்கள். அவர்கள் அந்தப் பெண்ணுக்குக் குங்குமம் வைத்து உட்கார வைக்கும்வரை நிற்க எனக்கு நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. ஒரே நாளில் இரண்டு பேருக்கு நல்லது செய்த திருப்தியோடு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பக்குவம் வரவே இல்லை. அம்மா வாரம் தவறாமல் கேட்டாள்.

"கண்ணுதான் பளிச்சுன்னு தெரியுதே, எப்பம்மா நான் போறது?"

"டாக்டர் இன்னும் சொல்லல."

"வாடிக்கை எல்லாம் வேற எடம் பாத்துகினு பூடும்டி."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

இப்படியே பூசி மெழுகி இரண்டு மாதம் ஓட்டினேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் சொன்னதை அம்மா நம்பினாளா, இல்லை மகள் வீட்டில் சண்டை வேண்டாம் என்று இருந்தாளா, தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் எழுந்து பார்த்தபோது அம்மா வீட்டில் இல்லை. பால் வாங்கப் போயிருப்பாள் என்று நினைத்து, ஆபீசுக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்து பார்த்தால், பால்கனியில் இருந்த, அம்மா மீன் சுமக்கும் அன்னக்கூடையும் இல்லை. பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளையை அப்படியே கணவரிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஷேர் ஆட்டோவில் போகும்போது என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று மட்டும்தான் யோசித்தேன். அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு முறைகூட நான் யோசிக்கவில்லை.

நான் இறங்கியபோது அம்மா மில் சுவர் முன்னால் நின்றிருந்தாள். கால் பக்கத்தில் கூடை, கூடை நிறைய மீன். நீலத்தில் புதுச் சேலை கட்டியிருந்தாள், போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்துத் தன் இடத்துக்குப் போகிறோம் என்று கட்டியிருக்கிறாள். அவள் இடத்தில் சித்தியின் மருமகள் உட்கார்ந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. அம்மாவைப் பார்த்ததும் தரையில் கையை ஊன்றி எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது? நீதான சொல்லி அனுப்புன?" என்று சித்தி கேட்டாள். அவளுக்கு முகமே செத்துப்போயிருந்தது.

"நான் இன்னா சொல்லி அனுப்புனேன்?" என்றாள் அம்மா.

"எடத்த இதுக்கு வுட்டுட்டேன்னு. உன் பொண்ணு வந்து சொல்லிச்சேக்கா. எல்லாரும்தான் இருந்தாங்க."

வரிசையில் முதலாவதாக உட்காரும் பெரியம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தாள். அங்கே எல்லாவற்றுக்கும் அவள் சொல்தான் கடைசி. அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. அம்மாவின் தோளில் கையை வைத்து நிதானமாகத்தான் கேட்டாள்.

"நீ சொல்லி அனுப்புனியா, இல்லியா? அத மட்டும் சொல்லு. சொல்லலன்னா இந்தப் பொண்ணு எயுந்துக்கும். அதுக்கு ஒன்னும் கொறஞ்சு போவாது. எடம் உன்னுது."

அப்போதுதான் அம்மா திரும்பினாள், என்னைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பார்வை நன்றாகத் தெளிந்திருந்தது. ரோட்டோரமாகச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்த என் முகத்தில் இருந்ததை எல்லாம் அவள் படித்திருப்பாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். மீன் கூடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தவர்கள். நான் காலேஜில் சேர்ந்த அன்று ஆளுக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்து என் தலையில் வைத்தவர்கள். நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. நான் மென்று விழுங்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா சிரித்தாள்.

"ஆமா, நான்தான் சொல்லச் சொன்னேன். மறந்தே பூட்டேன் பாரு. காலைல எயுந்ததும் கால் தன்னால ஹார்பருக்குப் பூடுச்சு. வயசாவுது இல்ல?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் போய், "நீ இன்னா எயுந்து நிக்கிற? வயித்துப் புள்ளக்காரி, குந்து" என்று அவள் கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தாள். பிறகு தன் கூடையிலிருந்த மீனை எல்லாம் அவளுடைய பலகையில் கொட்டினாள். சங்கராவும் காரப்பொடியும். காரப்பொடி இன்னிக்கு நல்லா கீது, மேல வையி, அதான் முதல்ல போவும் என்றாள். அந்த நேரம் பார்த்து அம்மாவின் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பையோடு வந்து, எங்கே ஆளையே காணோம் என்று விசாரித்தார். "நான் இனிமே இல்ல நைனா. இந்தப் பொண்ணாண்ட வாங்கிக்கோ. கை சுத்தம், எடை சுத்தம்" என்றாள் அம்மா. நான் அப்போதும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காலிக் கூடையோடு அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். கண், வயசு, லாரி, பேத்தி என்று வரிசையாக. அவள் கேட்கவில்லை. வீடு நெருங்கும்போது, "உனுக்கு ஆபீசுக்கு நேரமாவல? புள்ளைய யாரு ஸ்கூலுக்கு வுட்டா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இறங்கினவள் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அரிசி ஊற வைக்கப் போனாள். அன்றைக்கு அவள் திட்டியிருந்தால், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால், நானும் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஒரு சாக்குதான். தப்புச் செய்தது நான், ஆரம்பிக்க வேண்டியதும் நான்தான்.

அதற்குப் பிறகு அம்மா ஐந்து வருடம் எங்களோடு இருந்தாள். ராயபுரத்து அறையைக் காலி செய்தோம். அவள் இருந்த அந்த ஐந்து வருடம் என் மகள் குடுத்து வைத்தவள். பள்ளி வேன் வந்து நிற்கும் இடத்தில் அம்மா பத்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்பாள். தெரு நாய் ஒன்று பிள்ளையைப் பார்த்துக் குரைத்தது என்பதற்காக அந்த நாய்க்கே மீன் தலை போட்டுப் பழக்கி, அதைப் பிள்ளைக்குக் காவலாக நிறுத்தினாள். பிள்ளைக்கு அம்மை போட்டபோது பதினோரு நாளும் வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், என்னைக் கிட்டே விடவில்லை. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒன்று நின்றுவிட்டது. முன்பெல்லாம் நான் எந்த மீன் வாங்கி வந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்து, உன் தலையில கட்டிட்டான் என்று ஒரு பாட்டம் திட்டுவாள். அப்புறம் அதுவும் இல்லை. நான் எதை வாங்கி வந்தாலும் பேசாமல் அரிந்து கழுவி வைத்தாள். கடைத்தெரு வழியாகப் போக வேண்டிய நாளில் ஆட்டோக்காரரிடம் அந்தப் பக்கம் சுற்றிப் போ நைனா என்பாள்.

மகள் மூன்றாவது படிக்கும்போது பள்ளியில் 'என் வீடு' என்று ஏதோ எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருப்பவர்கள் பெயர், அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா எல்லாம் எழுதி முடித்துவிட்டுப் பிள்ளை ஆயாவிடம் போனாள்.

"ஆயா, நீ என்ன வேலை பண்றே?"

"நானா? நான் இன்னா பண்றேன். சொம்மாதான் கீறேன்."

"சும்மான்னு எப்படி எழுதறது?"

"அப்போ எய்தாத, வுடு."

மீன் வியாபாரம் என்று எழுதுடி, உன் அம்மாவைப் படிக்க வைத்த வேலை அது என்று நான் அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்திருக்கலாம். தோசையைத் திருப்பிப் போட்டேன். மறுநாள் காலையில் நோட்டைப் பையில் வைக்கும்போது பார்த்தேன். ஆயாவின் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

ஒரே ஒரு முறை நெருங்கினேன். அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. "அம்மா, அந்த எடம்..." என்று ஆரம்பித்தேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "எந்த எடம்?" என்றாள். எனக்காகத்தான் காத்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது. நான், "ஒண்ணுமில்ல, வலிக்கிற எடம் இதானான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அதான், அங்கதான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தாவது வருடம் அம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காவது நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றுவிட்டது. பேசவெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. கடைசியாக அவள் என்னிடம் கேட்டது, பிள்ளை சாப்பிட்டாளா என்றுதான்.

மில் சுவர் பெண்கள் யாரும் அன்றைக்கு ஏலத்துக்கே போகவில்லையாம். எல்லோரும் வந்தார்கள். கூட்டத்தில் யாரிடமும் பேச முடியவில்லை. காரியம் எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு மதியம் சித்தி மட்டும் தனியாக வந்தாள். அம்மா எப்போதும் உட்காருகிற தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. ஐந்து வருடம் அடைத்து வைத்ததை அவளிடம் கொட்டினேன். அம்மா அப்படிச் சொல்லச் சொல்லவே இல்லை சித்தி, நானாக வந்து பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும்மா" என்றாள் சித்தி.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "எப்படி?"

"எடத்த வுட்டவ எதுக்கு ஏலத்துல நின்னு ஒரு கூடை மீன் எடுப்பா? அதுகூடத் தெரியாமலா நாங்க வேவாரம் பண்றோம்? அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும். பெரியம்மா அப்பால எங்கள கூப்ட்டு, அவ பொண்ணுக்காக சொல்லிட்டா, நீங்க யாரும் இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. என் மருமவ மூணு நாளு அங்க குந்த மாட்டேன்னு அய்துது. அக்காதான் கையப் புடிச்சு குந்த வச்சுட்டுப் போச்சே, இப்போ எயுந்தா அக்காவ அசிங்கப்படுத்துன மாதிரி ஆவும்னு சொல்லி வச்சேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, திட்டுகிற மாதிரி இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நீ சொல்லுவன்னு பாத்தேம்மா. நீயும் அங்கதான நின்னுகினு இருந்த."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அக்காவாண்ட சொன்னியா?"

"இல்ல சித்தி."

சித்தி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வெயில் தாழ்ந்ததும் கையை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள்.

கேட்டிருந்தால் அம்மாவே அந்த இடத்தை விட்டுக் கொடுத்திருப்பாளோ என்னவோ. பேத்திக்காக என்றால் எதையும் கொடுப்பவள். தன் கையால் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பாள். பேத்தி கேட்டபோது, நாப்பது வருசம் மீன் வித்தேன், இப்போ உனக்காக வுட்டுட்டேன் என்று பெருமையாகச் சொல்லியிருப்பாள். கேட்டால் கிடைத்திருக்கும் ஒன்றை நான் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அதுதான் என்னை மிகவும் வாட்டுகிறது.

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. நான் மாறிவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், சுபாவம் அவ்வளவு சுலபமாகப் போகாது. ஆனால் அவள் விஷயத்தில் எதையாவது நானே முடிவு செய்யப் போகும்போது நாக்கு ஒரு தரம் நிற்கிறது, கேட்டுவிட்டுச் செய்கிறேன். போன வாரம்தான் அவளிடம் இது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றாள்.

அந்த மில் சுவர் முன்னால் நான் சொல்ல வேண்டியிருந்தது 'இல்ல, அம்மா சொல்லல' என்ற மூன்றே வார்த்தைதான். அதைச் சொல்லாத வாயால்தான் இன்றைக்கும் எங்கம்மா மாதிரி யாருக்கும் அமையாது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறேன்.